செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் காது கொடுத்துக் கேளுங்கள்

வாசலில் வண்டி நிற்கிறது. பிள்ளைகள் பையோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சாவியைத் திருப்புகிறீர்கள், எஞ்சின் சுற்றவில்லை. தெருவில் போகிற யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து, “செல்ஃப் மோட்டார் போயிருக்கும், மாத்திடுங்க” என்பார். மாற்றலாம். எஞ்சினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் அது. சின்ன கார்களில் அதை மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். இரண்டு போல்ட், ஒரு நட், ஒரு சின்ன வயர், அரை நாள் பொழுது. ஆனால் கழற்றிப் போடும் மோட்டார்களில் நல்ல மோட்டார்களும் நிறைய இருக்கின்றன. கோளாறு பேட்டரியிலோ வயரிலோ இருக்கும், பழி மோட்டார் மேல் விழும். அதனால் மாற்றும் முறையைச் சொல்வதற்கு முன், மாற்றத்தான் வேண்டுமா என்று கண்டுபிடிக்கும் முறையை விரிவாகச் சொல்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு சாதாரண மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், 10, 12, 14, 17 அளவு சாக்கெட்டும் ரிங் ஸ்பானரும், நீளமான எக்ஸ்டென்ஷன், உப்புத்தாள், டார்ச். சாவியைத் திருப்ப ஒரு ஆள் வேண்டும். அடியில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஜாக்கியோடு ஜாக்கி ஸ்டாண்டும் வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ, ஹாலோ பிளாக் வைத்தோ வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.

முதலில் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வோம்

சாவியைத் திருப்பியதும் ஒரு மெல்லிய வயர் வழியாகச் சின்ன கரன்ட் செல்ஃப் மோட்டாரின் முதுகில் இருக்கும் சொலினாய்டுக்கு (கரன்ட்டால் இயங்கும் காந்த சுவிட்ச்) போகிறது. சொலினாய்டுக்கு இரண்டு வேலை. ஒன்று, உள்ளே இருக்கும் நெம்புகோலை இழுத்து, சின்னப் பல்சக்கரத்தை முன்னால் தள்ளி, எஞ்சினோடு சுற்றும் பெரிய பல்வளையமான ஃப்ளைவீல் ரிங்கின் பற்களோடு சேர்ப்பது. இன்னொன்று, இரண்டு தடித்த செப்பு முனைகளை ஒரு செப்புத் தகட்டால் இணைத்து, பேட்டரியின் முழு கரன்ட்டையும் மோட்டாருக்கு விடுவது. நமக்குக் கேட்கும் ‘டக்’ சத்தம் இதுதான். அதற்கப்புறம்தான் ‘கர்ர்ர்’.

முன்னால் போய்வரும் அந்தப் பல்சக்கரத்தை நம் ஒர்க்‌ஷாப்களில் ‘பென்டிக்ஸ்’ என்பார்கள். அமெரிக்கரான வின்சென்ட் பென்டிக்ஸ் கண்டுபிடித்த அமைப்பின் பெயர் அது. இன்றைய மோட்டார்களில் இருப்பது வேறு அமைப்பு, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. கடையில் போய் பென்டிக்ஸ் என்றே கேளுங்கள், சரியாக எடுத்துத் தருவார்கள்.

சொலினாய்டில் மூன்று முனைகள் இருக்கும். பேட்டரியிலிருந்து தடித்த வயர் வந்து சேரும் போல்ட் 30. சாவியிலிருந்து மெல்லிய வயர் வரும் முனை 50. சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள்ளே போகும் குட்டையான தடித்த வயர் மூன்றாவது, அதை மோட்டார் முனை என்று வைத்துக்கொள்வோம். 30, 50 என்ற எண்கள் பல சொலினாய்டுகளில் முனைக்குப் பக்கத்திலேயே பொறித்திருக்கும்.

ஹெட்லைட் சோதனை

ஒரு கருவியும் தேவையில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள்.

வெளிச்சம் அப்படியே இருக்கிறது, சத்தமே இல்லை என்றால் சாவியின் கட்டளை சொலினாய்டுக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சொலினாய்டே போயிருக்கிறது. வெளிச்சம் அப்படியே இருக்கிறது, ஒரே ஒரு ‘டக்’ கேட்கிறது என்றால் சொலினாய்டு வேலை செய்தும் மோட்டார் கரன்ட் இழுக்கவில்லை. சொலினாய்டின் செப்பு முனையோ, மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பனோ தேய்ந்திருக்கலாம். வெளிச்சம் மிகவும் மங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது ஏதோ ஒன்று இறுகிப்போய் அளவுக்கு மீறிக் கரன்ட்டை இழுக்கிறது. வெளிச்சம் மொத்தமாக அணைந்துவிட்டால் பேட்டரி முனையில் லூஸ் கான்டாக்ட். மற்றதைப் பார்ப்பதற்கு முன் முதலில் அதைக் கவனியுங்கள்.

‘டிக் டிக் டிக்’ என்று விடாமல் துடிக்கிறது

இது பெரும்பாலும் பேட்டரி. சொலினாய்டு இழுத்ததும் மோட்டார் கரன்ட் கேட்கிறது, வோல்டேஜ் விழுகிறது, சொலினாய்டு பிடியை விட்டுவிடுகிறது. சுமை போனதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்தத் துடிப்புதான் காதில் விழுகிறது. மோட்டாரைத் தொட வேண்டாம்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் வர வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் மேற்கொண்டு எதையும் சோதிக்காதீர்கள், கிடைக்கும் அளவுகள் எல்லாம் உங்களைத் தப்பான பக்கம் அழைத்துப் போகும். நின்ற நிலையில் 12.6 காட்டிவிட்டு, சாவியைத் திருப்பியதும் 8, 7 என்று சரிகிற பேட்டரியும் உண்டு. அதில் ஒரு செல் போயிருக்கும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றிக் கழுவி, உலர்த்தி, கிளாம்பின் உட்புறத்தையும் ஈய முனையையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிப் போட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். தேய்ப்பதற்கு முன்னாலேயே வாசலின் தடவிவிட்டால் பயனில்லை. இந்த ஒரு வேலையோடு சரியாகிவிட்ட வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சத்தமே இல்லை

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் நியூட்ரலில் போட்டு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மேனுவல் என்றால் கிளட்சை முழுசாக மிதித்தீர்களா? இப்போதைய வண்டிகள் பலவற்றில் கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கால்மிதி மடிந்து பெடலுக்கு அடியில் சிக்கினாலே செல்ஃப் எடுக்காது. டாஷ்போர்டில் சாவிப் படம் மினுக்கிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்பு அமைப்பு சாவியை அடையாளம் காணவில்லை, மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஃபியூஸ் பெட்டியில் ஸ்டார்ட்டர் ரிலே, அதாவது சாவியின் சின்ன கரன்ட்டை வாங்கி சொலினாய்டுக்குப் பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச். பல வண்டிகளில் ஹார்ன் ரிலேயும் அதுவும் ஒரே வகையாக இருக்கும். மேலே அச்சிட்ட எண் ஒன்றாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். செல்ஃப் எடுத்து ஹார்ன் அடிக்கவில்லை என்றால் கோளாறு அந்த ரிலேதான், புதுசு போட்டால் வேலை முடிந்தது.

இதிலெல்லாம் கிடைக்கவில்லை என்றால் 50-ம் முனைக்கு வாருங்கள். டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை எஞ்சின் உடம்பில் மாட்டி, ஊசியை முனையில் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். விளக்கு நன்றாக எரிந்தும் ‘டக்’ இல்லை என்றால் சொலினாய்டு போய்விட்டது. எரியவில்லை என்றால் மோட்டார் நல்லதாகவே இருக்கலாம், கோளாறு மேலே எங்கேயோ இருக்கிறது. அந்த மெல்லிய வயரின் சொருகு முனை உளுத்துப்போயிருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். எலி கடித்த இடம் பெரும்பாலும் வெளியே தெரியாது. மேலே சுற்றியிருக்கும் கறுப்புக் குழாயை விரலால் வருடிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் சொரசொரவென்று தட்டுப்படும்.

ரிலே இல்லாத பழைய வண்டிகளில் சொலினாய்டு இழுக்கும் கரன்ட் முழுவதும் சாவி சுவிட்ச் வழியாகவே போகிறது. வருஷக்கணக்கில் அந்த சுவிட்சின் முனைகள் கருகிவிடும். 50-ம் முனையில் 12-க்குப் பதில் 7, 8 வோல்ட் வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். ஒரு நான்கு கால் ரிலே வைத்து, சாவி வயரை 85-லும், எர்த்தை (வண்டி உடம்பு வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை) 86-லும், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயரை 30-லும், சொலினாய்டு வயரை 87-லும் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது.

ஒரே ஒரு ‘டக்’, அதோடு சரி

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். தவறாக மாற்றப்படும் மோட்டார்கள் அதிகம் இந்த வகையில்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நேற்று வண்டி தண்ணீரில் நின்றதா? வெள்ளத்தில் ஓட்டி வரும்போது நின்றுபோனதா? அப்படி என்றால் சாவியைத் திரும்பத் திரும்ப முறுக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தாலும் இதே ‘டக்’தான் கேட்கும், ஹெட்லைட் மிகவும் மங்கும். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்கிக் கொடுக்காது. மோட்டார் ஒருவேளை பலமாகச் சுற்றிவிட்டால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அப்புறம் எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் பம்பர் மட்டத்துக்கு மேல் தண்ணீரில் நின்றன. நின்ற வண்டியைக் காயவிட்டு, ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சின் தண்டின் நுனியில் இருக்கும் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். டீசல் வண்டி என்றால் இதை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள்.

தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, பேட்டரியும் நன்றாக இருக்கிறது. இப்போது மீட்டரை எடுங்கள்.

மோட்டார் முனையில் ஒரு ஊசி, பேட்டரி மைனஸில் ஒரு ஊசி. சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ‘டக்’ கேட்கிறது, மீட்டர் பூஜ்யத்திலேயே நிற்கிறது. அப்படி என்றால் சொலினாய்டின் உள்ளே செப்பு முனைகள் கருகிவிட்டன. தகடு போய் ஒட்டுகிறது, கரன்ட் தாண்டவில்லை. பல மோட்டார்களில் சொலினாய்டை மட்டும் தனியாக மாற்றலாம். மீட்டர் 12 வோல்ட் காட்டியும் மோட்டார் சுற்றவில்லை என்றால் ஊசியை மோட்டார் முனையிலேயே வைத்துக்கொண்டு, மற்றதை மோட்டாரின் உடம்பில் வைத்துத் திரும்பப் பாருங்கள். அங்கேயும் 12 என்றால் கார்பன் தேய்ந்திருக்கிறது, அல்லது ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் காயில்) போய்விட்டது. அங்கே மட்டும் குறைந்து 2, 3 வோல்ட் காட்டினால் எர்த் சரியில்லை.

அந்த எர்த் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முதன்முதலில் மாற்றிய செல்ஃப் மோட்டாரை மாற்றியே இருக்க வேண்டியதில்லை. மூன்று சிலிண்டர் சின்ன கார். ஒரே ‘டக்’. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடியில் படுத்துக் கழற்றி, சென்னை ஜி.பி. ரோட்டுக் கடையில் வாங்கி வந்த புது மோட்டாரை மாட்டினேன். சாவியைத் திருப்பினால் அதே ‘டக்’. மறுநாள் மாலை ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தார். மோட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீட்டரின் ஒரு ஊசியை பேட்டரியின் மைனஸ் ஈயத்திலும், இன்னொன்றை கியர்பாக்ஸ் உடம்பிலும் வைத்துவிட்டு, “இப்ப செல்ஃப் அடிங்க” என்றார். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

பேட்டரியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் எர்த் வயர் வெளியே பார்க்கப் புதுசு போல இருந்தது. நுனியில் இருக்கும் உலோக வளையத்தை (லக்) பிடித்துத் திருகியதும் கறுப்பு உறை கொஞ்சம் பின்வாங்கியது. உள்ளே செப்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. பாதி இழைகள்கூட மிச்சம் இல்லை. புது வயர் போட்டதும் ஒரே திருப்பில் எஞ்சின் எடுத்தது. கழற்றிப் போட்ட பழைய மோட்டாரை அவர் அங்கேயே பேட்டரியில் வைத்துச் சுற்றிக் காட்டினார். கணீர் என்று சுற்றியது.

நான் அதற்கு முன்பே அந்த வயரை மீட்டரில் பார்த்திருந்தேன். வயர் அறுபடவில்லை என்று சொல்லும் கன்டினியூட்டி பீப் அடித்தது, அதனால் நல்லது என்று விட்டுவிட்டேன். எல்லோரும் மாட்டிக்கொள்வது இதில்தான். 0.02 ஓம் தடையை நம் மீட்டர் பூஜ்யம் என்றுதான் காட்டும். ஆனால் சின்ன பெட்ரோல் எஞ்சினைச் சுற்ற 100 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.02 ஓமிலேயே 2 வோல்ட் தொலைந்துவிடும். வயரைச் சும்மா இருக்கும்போது அளக்கக் கூடாது. சுமை ஓடும்போது அதன் இரண்டு முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளக்க வேண்டும்.

அளக்கும் முறை இது. மீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வையுங்கள். பேட்டரி பிளஸின் ஈயத்தில் ஒரு ஊசி (கிளாம்பில் வைக்காதீர்கள், ஈயத்திலேயே வையுங்கள்), சொலினாய்டின் 30-ம் போல்ட்டில் இன்னொன்று. செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிளஸ் வயரிலோ அதன் முனைகளிலோ கோளாறு. அடுத்து மோட்டாரின் உடம்பில் ஒரு ஊசி, பேட்டரி மைனஸ் ஈயத்தில் ஒன்று. 0.3-க்கு மேல் போனால் எர்த் சரியில்லை. சோதிக்கும்போது எஞ்சின் எடுத்துவிடாமல் இருக்க ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஒரு நிமிஷம் விடுங்கள்.

பாதி வழியில் மாட்டிக்கொண்டால் ஒரு தற்காலிக வழி உண்டு. ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, இன்னொருவர் மோட்டாரின் உடம்பில் ஸ்பானர் பிடியால் மெதுவாகத் தட்டினால் சில நேரம் எடுத்துவிடும். எடுத்தால் கார்பன் தேய்ந்து பிடிமானம் இல்லாமல் இருக்கிறது என்று அர்த்தம். அது வீடு போய்ச் சேர மட்டும்தான். ஓங்கி அடித்தால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் உடையும்.

மேனுவல் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடிந்தால் எஞ்சின், பெட்ரோல், ஸ்பார்க் எல்லாம் சரி, கோளாறு செல்ஃப் பக்கம்தான் என்பது உறுதியாகும். கியரில் போட்டுத் தள்ளியும் சக்கரம் பூட்டியது போல நின்றால் எஞ்சினே இறுகியிருக்கிறது. ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிப் பயனில்லை.

மெதுவாக, முக்கி முக்கிச் சுற்றுகிறது

முதலில் பேட்டரி, அடுத்து மேலே சொன்ன வோல்ட் விழும் சோதனை. இரண்டும் சரி என்றால் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் ஓரத்தில் உரசுகிறது. கழற்றிய பிறகு பென்டிக்ஸ் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடவென்று ஆடும்.

காலையில் நன்றாக எடுத்து, நெடுஞ்சாலையில் ஒரு டீக்கு நிறுத்தியதும் எடுக்க மறுத்து, அரை மணி கழித்து மறுபடி எடுக்கிறதா? சூடு. செப்பு சூடாகச் சூடாக அதன் தடை கூடும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் மோட்டார் இருக்கும் வண்டிகளில் நடுவே ஒரு தகரம் இருக்கும். முன்பு யாரோ வேலை பார்த்தபோது அதைத் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள். அதைத் தேடி மாட்டுங்கள்.

‘விய்ங்’ என்று தனியாகச் சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை

மோட்டார் நல்லது, பிடிப்பு இல்லை. பென்டிக்ஸில் ஒருவழிக் கிளட்ச் ஒன்று இருக்கிறது. மோட்டார் எஞ்சினைச் சுற்றலாம், எஞ்சின் மோட்டாரைச் சுற்றக் கூடாது. அந்தக் கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் இந்தச் சத்தம் வரும். எஞ்சின் எடுத்த பிறகும் சாவியைப் பிடித்துக்கொண்டே இருக்கும் பழக்கம் அதைத்தான் கெடுக்கிறது. ஃப்ளைவீல் ரிங்கின் பற்கள் பென்டிக்ஸின் பற்களைவிடப் பத்து மடங்குக்கு மேல். எஞ்சின் 1000 சுற்றில் ஓடினாலே பென்டிக்ஸ் நிமிஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றும்.

ஆனால் சில நேரம் பிடித்து, சில நேரம் ‘விய்ங்’ என்று போனால் ரிங்கில் பல் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் நிற்கும்போது கம்ப்ரெஷன் தடுத்து ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் நிற்கும். நான்கு சிலிண்டரில் இரண்டு இடம், மூன்று சிலிண்டரில் மூன்று இடம். பல் தேய்வதும் அந்த இடங்களில்தான். இக்னிஷன் ஆஃபில் இருக்க, நான்காவது கியரில் போட்டு வண்டியை ஓரடி தள்ளிவிட்டு, நியூட்ரலுக்கு வந்து திரும்ப அடியுங்கள். இப்போது பிடித்தால் சந்தேகம் ரிங் மேல்தான். ரிங்கை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

‘கரகர’ என்று இரும்பு உரசும் சத்தம் வந்தால் மோட்டாரின் போல்ட் லூஸா என்று முதலில் பாருங்கள். அப்புறம் பற்கள். அந்தச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பென்டிக்ஸின் செலவு ரிங்கின் செலவாக மாறிவிடும்.

சாவியை விட்டும் செல்ஃப் நிற்கவில்லை

உடனே பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். சொலினாய்டு முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது ரிலே ஒட்டியிருக்கும். விட்டால் வயர் புகையும். இதற்காகவே ஒரு 10 நம்பர் ஸ்பானரை டாஷ்போர்டில் போட்டு வையுங்கள்.

கழற்றுவது

மோட்டார்தான் என்று உறுதியாகிவிட்டது, சரி. சமதரை, ஹேண்ட்பிரேக், கியர் நியூட்ரல், சக்கரத்துக்குக் கட்டை, எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி மைனஸைக் கழற்றி, திரும்ப வந்து தொடாதபடி துணியால் சுற்றி ஒதுக்குங்கள். இதை விட்டுவிட்டு ஸ்பானரை 30-ம் போல்ட்டில் வைத்தால், ஸ்பானரின் மறுமுனை எஞ்சினில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும், ஸ்பானர் அங்கேயே ஒட்டிப்போகும். அந்த போல்ட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே பெரும்பாலான வண்டிகளில் ஃபியூஸ் கிடையாது.

மோட்டார் எங்கே என்று தேட வேண்டாம். பேட்டரி பிளஸிலிருந்து போகும் தடித்த வயரைப் பின்தொடர்ந்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கொண்டுபோய் விடும். சில வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டியையும் பேட்டரி தட்டையும் எடுத்துவிட்டால் மேலிருந்தே கை போகும். சிலவற்றில் அடியிலிருந்துதான். கழற்றுவதற்கு முன் போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

30-ம் போல்ட்டின் ரப்பர் மூடியைத் தள்ளிவிட்டு நட்டைக் கழற்றுங்கள். அந்த போல்ட் செம்பு, சொலினாய்டின் உள்ளே பிளாஸ்டிக்கில் நிற்கிறது. துருப்பிடித்த நட்டை முரட்டுத்தனமாக முறுக்கினால் போல்ட்டே சுழலும். முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். 50-ம் முனையின் சொருகியை வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அழுத்திக் கழற்றுங்கள்.

இனி இரண்டு போல்ட். மேல் போல்ட் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கும். விரலால் தடவித் தலையைக் கண்டுபிடித்து, நீள எக்ஸ்டென்ஷனில் சாக்கெட்டைப் போட்டு, முழுவதும் உட்கார்ந்துவிட்டது என்று உறுதி செய்த பிறகு நெம்புங்கள். இரண்டு போல்ட்டும் வேறு வேறு நீளமாக இருக்கலாம், எது மேல், எது கீழ் என்று குறித்து வையுங்கள். கடைசிப் போல்ட்டை எடுக்கும்போது ஒரு கை மோட்டாரைத் தாங்கியே இருக்கட்டும். சின்னதுதான் என்றாலும் கனமான சாமான், முகத்துக்கு நேராக விழக் கூடாது. நடுவே தகடு ஏதாவது இருந்தால் அதே இடத்தில் திரும்பப் போட வேண்டும்.

மோட்டார் வெளியே வந்ததும் அந்த ஓட்டையில் டார்ச் அடியுங்கள். ரிங்கின் நான்கைந்து பற்கள் தெரியும். சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு, ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றி, கோடு திரும்ப வரும்வரை ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். பத்து நிமிஷம் ஆகும். இந்த வாய்ப்பு அடுத்த முறை மோட்டாரைக் கழற்றும்போதுதான் கிடைக்கும். உள்ளே எண்ணெய்ப் பசை படிந்திருந்தால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகே புதியதைப் போடுங்கள். கார்பனில் எண்ணெய் ஏறினால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

புதியதா, பழுது பார்ப்பதா

கார்பன், புஷ், சொலினாய்டு, பென்டிக்ஸ் மட்டும் என்றால் பழுது பார்ப்பதே நல்லது என்பேன், முக்கியமாக மோட்டார் நல்ல கம்பெனியுடையதாக இருந்தால். சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் போன்றவர்கள் செய்த மோட்டார்களுக்கு உதிரிகள் சின்ன ஊர்களிலும் கிடைக்கின்றன. ஆர்மேச்சர் எரிந்திருந்தால் மட்டும் காயில் கட்டிப் போடுவதைவிட மாற்றிவிடலாம். பழுது பார்க்கக் கொடுத்தால் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: பென்டிக்ஸை பெட்ரோலில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டாம். ஒருவழிக் கிளட்சின் உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் கரைந்து வெளியேறிவிடும், திரும்ப வைக்க வழியில்லை.

பழைய உதிரிகள் விற்கும் சென்னை புதுப்பேட்டை போன்ற இடத்தில் பழையது வாங்கினால் முனையை ஆட்டிப் பாருங்கள், பற்களின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், கண் முன்னால் பேட்டரியில் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோங்கள். பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டை, பென்டிக்ஸ் இருக்கும் மூக்கின் நீளம், சுற்றும் திசை நான்கும் ஒத்துப்போக வேண்டும்.

மாட்டுவது

வாங்கிய மோட்டாரை மாட்டுவதற்கு முன் தரையில் வைத்துச் சோதியுங்கள். காலால் நன்றாக மிதித்துக்கொண்டு, ஜம்ப் கேபிளின் கறுப்பை மோட்டார் உடம்பிலும் சிவப்பை 30-லும் மாட்டி, 30-லிருந்து 50-க்கு ஒரு சின்ன வயரால் தொடுங்கள். மூன்று விநாடி போதும். பென்டிக்ஸ் முன்னால் பாய்ந்து, சுற்றி, விட்டதும் பின்னால் திரும்ப வேண்டும். பிடிக்காமல் விட்டால் மோட்டார் துள்ளி உருளும். பேட்டரி இரண்டடி தள்ளியே இருக்கட்டும்.

மோட்டாருக்கு எர்த் அது உட்காரும் முகப்பு வழியாகவே கிடைக்கிறது. கியர்பாக்ஸ் பக்கத்தையும் மோட்டார் பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட், துரு, மண் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். மோட்டாரைத் தூக்கி வைத்து இரண்டு போல்ட்டையும் விரலாலேயே பாதி வரைக்கும் திருகுங்கள். விரலுக்குப் போகவில்லை என்றால் மரை மாறி ஏறுகிறது, எடுத்துத் திரும்பப் போடுங்கள். அலுமினியம் கியர்பாக்ஸில் மரை போனால் பெரிய வேலை. மோட்டார் முகப்போடு ஒட்டி உட்கார்ந்த பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். போல்ட்டால் இழுத்து உட்கார வைக்கப் பார்த்தால் மோட்டாரில் போல்ட் நுழையும் காது உடையும்.

50-ம் வயர் ‘க்ளிக்’ என்று பூட்டும்வரை சொருகி, 30-ல் வயரை வைத்து நட்டை அளவாக இறுக்குங்கள். ரப்பர் மூடியை மறக்காதீர்கள். வயர் சைலன்சரில் படாமல் கிளிப்பில் மாட்டுங்கள். எடுத்து வைத்த தகரம், ஏர் ஃபில்டர் எல்லாம் போட்ட பிறகு கடைசியாகப் பேட்டரி மைனஸ்.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். எடுத்ததும் விட்டுவிடுங்கள். உரசல் சத்தம் ஏதாவது கேட்டால் உடனே நிறுத்தி போல்ட்டுகளைப் பாருங்கள். சத்தம் சுத்தமாக இருந்தால் மீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை, நாளைக் காலையில் மறுபடி ‘டிக் டிக்’ கேட்கும்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, மைனஸைக் கழற்றிவிட்டு 30-ம் நட்டிலும் இரண்டு போல்ட்டிலும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். கால் சுற்று கூடுதலாகப் போனால் போகட்டும்.